அன்னையும் பந்தியில் அமரட்டும்

நம் இல்லங்களில் ஞாயிறு விருந்து நடைபெறும்போது, கடைசியாக உண்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. விடை எல்லார்க்கும் தெரிந்ததே. தந்தையும் பிள்ளைகளும், வந்திருக்கும் மாமனும் அத்தையும் இலையின் முன் அமர்ந்திருக்க, தாய் அடுப்புக்கும் பந்திக்கும் இடையே நடந்துகொண்டிருப்பார். 'பந்திக்கு முந்து' என்று நம் முன்னோர் சொன்ன பழமொழி அவருக்கு மட்டும் பொருந்துவதே இல்லை. எல்லாரும் கைகழுவி எழுந்த பின்னர், ஆறிப்போன சோற்றில் அடிச்சட்டிக் குழம்பை ஊற்றி, பெரும்பாலும் தனியாக, அவர் உண்பார். "நான் அப்புறம் சாப்பிடுகிறேன்" என்னும் அவருடைய சொல் நம் காதுக்குப் பழகிவிட்டபடியால், அதன் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதனை அன்பின் அடையாளம் என்று போற்றுகிறோம். அன்புதான்; ஐயமில்லை. ஆயினும் அன்பு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. நம் சமையலின் அமைப்பும் ஒரு காரணமாகும். தோசையை ஒவ்வொன்றாகச் சுட்டுச் சூட்டோடு பரிமாற வேண்டும். அப்பளம் பொரித்தவுடன் இலைக்கு வர வேண்டும். மீன் வறுவல் கல்லிலிருந்து நேரே தட்டில் விழுந்தால்தான் சுவை. ரசம் தாளித்த மணம் மாறுமுன் கிண்ணத்தில் இருக்க வேண்டும். நம் உணவின் சுவை கடைசிப் பத்து நிமிடத்தில் பிறக்கிறது. அந்தப் பத்து நிமிடமோ பந்தி முடியும்வரை நீள்கிறது. இத்தகைய சமையலைச் செய்பவர் பந்தியில் அமர விரும்பினாலும் அமர இயலாது.

ஆகவே, "நீங்களும் உட்காருங்கள், அம்மா" என்று கனிவோடு அழைத்தால் மட்டும் போதாது. அவர் உட்காரத்தக்க உணவு ஒன்றையும் நாம் தேடிக்கொள்ள வேண்டும். அத்தகைய உணவு ஒன்று உண்டு. அதன் வேலையெல்லாம் பந்திக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். பின்னர் அடுப்பு மட்டுமே உழைக்கும். இறைச்சியும் கிழங்கும் காயும் ஒரே சட்டியில் அடுக்கப்பட்டு, வாய் மூடப்பட்டு, மெல்லிய வெப்பத்தில் தாமே வேகும். ஐரோப்பாவின் பல நாடுகளில் இவ்வகை உணவு உண்டு. அவற்றுள் பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில் வழங்கும் 'பெக்கெயோஃபா' என்னும் உணவை இக்கட்டுரையில் நம் வாசகக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

ரைன் நதிக்கரையில்

பிரான்சின் கிழக்கெல்லையில், வோஜ் மலைத்தொடருக்கும் ரைன் நதிக்கும் இடையே நீண்டு கிடக்கும் சமவெளியே அல்சாஸ். மலைச்சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். சமவெளியில் கோதுமையும் முட்டைக்கோசும் கிழங்கு வகைகளும். இதன் தலைநகர் ஸ்திராஸ்பூர். அந்நகரின் மறைமாவட்டப் பேராலயக் கோபுரம் 142 மீட்டர் உயரமுடையது. 1439ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது.

இரு பேரரசுகளின் நடுவே அமைந்த நாடு அமைதியாக இருப்பது அரிது. 1871இல் அல்சாஸ் செர்மனியிடம் சென்றது; 1918இல் பிரான்சிடம் மீண்டது; 1940இல் மறுபடியும் செர்மனியால் பற்றிக்கொள்ளப்பட்டது; இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945இல், முழுதும் விடுதலை பெற்றுப் பிரான்சோடு இணைந்தது. ஒரே வீட்டில் பிறந்து, வீட்டைவிட்டு எங்கும் செல்லாமலே, நான்கு முறை நாடு மாறிய முதியோர் அங்கே இருந்தனர். ஆட்சிமொழி மாறியது, பள்ளிப் பாடநூல் மாறியது, தெருவின் பெயர்ப்பலகையும் மாறியது. வீட்டுப் பேச்சாகிய அல்சாசிய மொழியும் வீட்டுச் சட்டியும் மட்டும் மாறவில்லை. அந்த வீட்டு மொழியில் 'பெக்கெயோஃபா' என்பதற்கு 'ரொட்டி சுடுபவரின் அடுப்பு' என்பதே பொருள். உணவின் பெயரில் இறைச்சியும் இல்லை, காயும் இல்லை. அடுப்பு மட்டுமே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

சலவை நாளின் சட்டி

சலவை இயந்திரம் வருவதற்கு முன் துணி வெளுப்பது எத்தகைய உழைப்பு என்பதை நம் பாட்டிமார் அறிவர். அல்சாஸ் நாட்டில் திங்கட்கிழமை சலவை நாள். தண்ணீர் சுமந்து, விறகு எரித்து, துணியை வேகவைத்து, துறைக்குக் கொண்டுசென்று அடித்து, அலசி, முறுக்கிப் பிழிந்து உலர்த்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். குளிர்காலத்தில் கை விறைத்துப்போகும். அந்த நாளில் அடுப்பருகே நின்று சமைக்க நேரமேது? கடையில் வாங்கி உண்ணப் பணமேது? அந்தி மயங்கியதும் வயலிலிருந்து கணவரும் பள்ளியிலிருந்து பிள்ளைகளும் பசியோடு வந்து நிற்பரே!

இதற்கு அவ்வூர்ப் பெண்கள் கண்ட வழி எளியது. வீட்டில் மிஞ்சியிருந்த இறைச்சித் துண்டுகளை ஞாயிறு இரவே வெள்ளைத் திராட்சை ரசத்திலும் மணப்பூண்டுகளிலும் ஊறவைத்தனர். திங்கள் காலை மண்சட்டியில் உருளைக்கிழங்கு, வெங்காயம், இறைச்சி என அடுக்கி, ஊறிய சாற்றை ஊற்றி, மூடியால் மூடினர். துறைக்குப் போகும் வழியில் சட்டியை ரொட்டிக் கடைக்காரரிடம் ஒப்படைத்தனர். அவர் விடியற்காலையில் ரொட்டி சுட்டு முடித்திருப்பார். அவருடைய செங்கல் அடுப்பிலோ வெப்பம் இன்னும் பல மணி நேரம் தங்கியிருக்கும். வீணாகிப் போகும் அந்த வெப்பத்தில் சட்டி நாள்முழுதும் மெல்ல வெந்தது. கோதுமை மாவைக் கயிறுபோல் திரித்து மூடியைச் சுற்றி ஒட்டிவிடுவது வழக்கம். ஆவி வெளியேறாமல் அது காத்தது. வழியில் எவரும் மூடியைத் திறந்து ஒரு துண்டு எடுக்காமலும் காத்தது என்று வேடிக்கையாகச் சொல்வர்!

சலவை முடித்துத் திரும்பும் தாய், அடுப்பிலிருந்து எடுத்த சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தார். மேசை நடுவே சட்டியை வைத்து, மாவு முத்திரையை உடைத்து, எல்லாரோடும் அமர்ந்து உண்டார். நாளெல்லாம் உழைத்தவர் கடைசியில் உண்ணவில்லை, எல்லாரோடும் உண்டார். இந்த உணவின் சிறப்பு நம் எண்ணத்தில் இதுவே.

இந்தச் சட்டிகளுக்கும் ஒரு பிறந்தகம் உண்டு. வட அல்சாசில் உள்ள சுஃப்ளன்ஹைம் என்னும் சிற்றூர், நம் மானாமதுரையைப் போல மண்பாண்டத்துக்குப் பெயர்பெற்றது. அருகிலுள்ள ஹாகனோ காட்டின் களிமண்ணை எடுக்கும் உரிமையை, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரரசர் பிரெடரிக் பார்பரோசா அவ்வூர்க் குயவருக்கு அளித்தார் என்பது வழிவழிச் செய்தி. நீள்வட்ட வடிவில், இருபுறமும் கைப்பிடியோடு, வண்ணப் பூக்கள் தீட்டிய அச்சட்டிகள் இன்றும் அங்கே வனையப்படுகின்றன.

ஒரே எண்ணம், பல நாடுகள்

பெண்களின் கையை விடுவிக்க அடுப்பை உழைக்கவிட்ட எண்ணம் அல்சாசுக்கு மட்டும் உரியதன்று. ஓய்வுநாளில் இல்லங்களில் நெருப்பு மூட்டலாகாது என்று விடுதலைப் பயண நூல் விதிப்பதை நாம் அறிவோம். அதனைக் கைக்கொண்ட யூதக் குடும்பங்கள், வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் இறைச்சியும் பயறும் நிறைந்த சட்டியை ஊர் ரொட்டிக் கடை அடுப்பில் வைத்து, மறுநாள் பகலில் சூட்டோடு எடுத்து உண்டன. 'ஹமீன்' என்று அதற்குப் பெயர். சூடானது என்னும் எபிரேயச் சொல்லின் வழிப் பிறந்தது. தென்பிரான்சில் காஸ்தெல்நோதாரி ஊரின் புகழ்பெற்ற மொச்சை உணவாகிய 'கசூலே'யும், 'கசோல்' என்னும் மண்சட்டியின் பெயரையே பெற்றிருக்கிறது.

மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரின் வழக்கம் இன்னும் சுவையானது. அங்கே 'தஞ்சியா' என்னும் குறுகிய வாயுள்ள மண்சாடியில் இறைச்சியை நிரப்பி, வாயைக் கட்டி, பொதுக் குளியலறைக்கு வெந்நீர் காய்ச்சும் உலையின் சாம்பலில் புதைத்துவிடுவர். பல மணி நேரம் கழித்து எடுத்து உண்பர். இதனைச் சமைப்பவர் ஆண்கள்! சந்தைத் தொழிலாளரும் கைவினைஞரும் விடுமுறை நாளுக்கென்று தாமே ஆக்கிக்கொள்ளும் உணவு அது. சமையல் பெண்களுக்கே உரியதென்று வாதிடும் நம்மவர் இதனைக் கவனிப்பார்களாக.

நம் நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. பிரியாணியைத் 'தம்' போடும்போது அண்டாவின் மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே தணல் கொட்டுகிறோம் அல்லவா? அல்சாஸ் பெண்களின் மாவுக் கயிறும் அதுவும் ஒன்றே. ரொட்டிக் கடை அடுப்பை நாடுவதும் நமக்குப் புதிதன்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், வீட்டில் கலந்த கேக் மாவைத் தட்டோடு பேக்கரிக்கு எடுத்துச்சென்று சுட்டு வாங்கி வந்த குடும்பங்கள் நம் பங்குகளில் பல. ஈழத்தமிழர் 'போறணை' என்று அழைக்கும் அந்தச் சூளையடுப்பின் முன், பெயர் எழுதிய தாளைத் தட்டில் ஒட்டிக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு, அல்சாஸ் பெண்களின் காலைநேரம் எளிதில் விளங்கும்.

ஒரு சொல்லையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இவ்வகை உணவை ஆங்கிலேயர் 'கேசரோல்' என்பர். நம் நாட்டிலோ, சப்பாத்தியைச் சூடு ஆறாமல் வைக்கும் பெட்டிக்கு அப்பெயர் வழங்குகிறது. அந்தப் பெட்டியை அடுப்பில் வைத்துவிடலாகாது! பிரெஞ்சு மொழியில் அச்சொல் கைப்பிடியுள்ள சட்டியைக் குறிக்கும். ஆங்கிலத்தில் மூடிச் சுடும் பாத்திரத்தையும் அதில் வெந்த உணவையும் குறிக்கலாயிற்று.

சட்டிக்குள் நிகழ்வது

மூன்று மணி நேரம் மூடிக் கிடக்கும் சட்டிக்குள் நிகழ்வது என்ன என்பதை அறிந்துகொண்டால், செய்முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஆட்டின் கழுத்து, தோள், முன்கால் ஆகியவை நன்றாக உழைத்த பகுதிகள். அவற்றில் கொலாஜன் என்னும் கெட்டியான இணைப்புத் திசு மிகுதி. வேகமாக வறுத்தால் அவை இறுகிச் சவ்வுபோல் ஆகும். ஆனால் ஈரமும் ஏறத்தாழ 70 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் சில மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால், அந்தத் திசு கரைந்து ஜெலட்டினாக மாறும். இறைச்சி நார்நாராகப் பிரியும், சாறு வழவழப்பாகும். ஆகவே இவ்வுணவுக்கு விலையுயர்ந்த தொடைக்கறி தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமன்று, அது பொருந்தவும் பொருந்தாது. ஏழைப் பெண்களின் சட்டியில் பிறந்த உணவுக்கு எளிய கறியே ஏற்றது.

உருளைக்கிழங்கின் மாச்சத்து சாற்றில் கலந்து அதனைக் கெட்டியாக்கும். அப்படியானால் மூன்று மணி நேரத்தில் கிழங்கு கூழாகிவிடாதா என்று கேட்கலாம். திராட்சை ரசத்தின் புளிப்பு அதற்கு அணை போடுகிறது. புளிப்புள்ள நீரில் கிழங்கு மெதுவாகவே குழையும். புளி ஊற்றிய பின் காய் வேகத் தாமதமாவதை நம் சமையலறைகளில் அன்றாடம் காண்கிறோம். அதே விதியே இங்கும்.

மாவு முத்திரை ஆவியைப் பெரும்பாலும் உள்ளேயே தடுக்கிறது. மேலெழும் ஆவி மூடியில் பட்டு நீராகி மீண்டும் சொட்டுகிறது. எனவே சிறிதளவு சாறே போதும். கிளறவோ நீர் ஊற்றவோ தேவையில்லை. கிளற இயலாதபடி முத்திரையிட்டுவிட்டதால், சமைப்பவரும் அடுப்பைவிட்டு நகரலாம்.

தேவையான பொருள்கள்

அல்சாசில் மாடு, பன்றி, ஆடு ஆகிய மூவகை இறைச்சியும் சம அளவில் சேர்ப்பர். சிலர் பன்றிக்கால் ஒன்றையும் அடியில் இடுவர். நம் இல்லங்களில் அவரவர் வழக்கப்படி மூன்றையும் சேர்க்கலாம். ஆட்டிறைச்சி மட்டும் கொண்டும் செய்யலாம். திராட்சை ரசத்துக்கு மாற்றாக எலும்புச் சாறும் காடியும் கீழே தருகிறோம். பின்வரும் அளவு ஆறு பேருக்குப் போதுமானது.

எலும்போடு கூடிய ஆட்டின் கழுத்து அல்லது தோள் கறி 1 கிலோ, உருளைக்கிழங்கு 1¼ கிலோ, பெரிய வெங்காயம் 300 கிராம், கேரட் 200 கிராம், வெங்காயத்தாள் ஒரு கட்டு, பூண்டு 6 பல், பிரிஞ்சி இலை 2, கிராம்பு 3, ஒன்றிரண்டாக இடித்த மிளகு 2 தேக்கரண்டி, உப்பு 4 தேக்கரண்டி, காடி 3 மேசைக்கரண்டி, எலும்புச் சாறு 600 மில்லி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, கொத்துமல்லித் தழை ஒரு பிடி. முத்திரைக்கு மைதா 200 கிராம்.

அல்சாசில் 'தைம்' என்னும் மணப்பூண்டு சேர்ப்பர். அது கிடைக்காதவர் நம் வீட்டுத் தொட்டியில் வளரும் ஓமவல்லி இலை இரண்டைக் கிள்ளிப் போடலாம். மணம் நெருங்கி வரும். மூன்றாவது இலை வேண்டாம், கஷாயம்போல் ஆகிவிடும்.

உருளைக்கிழங்கு மாவாக உதிராத வகையாக இருத்தல் நலம். உதகைக் கிழங்கு மிகப் பொருத்தம். கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் மேனாட்டுக் காய்களைப் பயிரிடச் செய்த நாள் முதல், நீலகிரி மண்ணும் அக்கிழங்கும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன.

செய்முறை

முதல் நாள் இரவு: கறியை எலுமிச்சம்பழ அளவுத் துண்டுகளாக வெட்டிக் கழுவி நீரை நன்றாக வடியவிடுக. காடி, பாதி உப்பு, மிளகு, கிராம்பு, நசுக்கிய பூண்டு, பிரிஞ்சி இலை, ஓமவல்லி, பாதி வெங்காயம் ஆகியவற்றோடு பிசறி, மூடிக் குளிர்பெட்டியில் வைக்க. குளிர்நாட்டுப் பெண்கள் அதனை இரவெல்லாம் வெளியிலேயே வைத்திருக்கலாம். நம் வெயில் நாட்டில் அவ்வாறு செய்தல் ஆகாது. குளிர்பெட்டி இல்லாதோர் காலையில் ஒரு மணி நேரம் ஊறவைத்தாலே போதும். எலும்புச் சாற்றையும் முந்திய நாளே காய்ச்சி வடித்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை: ஐந்து லிட்டர் கொள்ளும் கனத்த பாத்திரம் ஒன்றின் உட்புறம் வெண்ணெய் தடவுக. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, அரை விரல் கனத்தில் வட்டமாக அரிக. அரிந்தபின் நீரில் போடலாகாது. சாற்றைக் கெட்டியாக்கும் மாச்சத்து கழுவிக்கொண்டு போய்விடும். மீதி வெங்காயத்தையும் கேரட்டையும் வெங்காயத்தாளையும் அரிந்துகொள்க.

அடியில் சிறிது வெங்காயம் பரப்பி, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு கிழங்கு, அதன்மேல் பாதிக் கறி, பின்னர் பாதிக் காய் என அடுக்குக. மறுபடியும் கிழங்கு, கறி, காய். உச்சியில் எஞ்சிய கிழங்கை மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அழகாக அடுக்குக. ஒவ்வோர் அடுக்கிலும் எஞ்சிய உப்பையும் கொத்துமல்லித் தழையையும் தூவுக. கறி ஊறிய சாற்றை எலும்புச் சாற்றில் கலந்து ஓரமாக ஊற்றுக. அது முக்கால் உயரம் வந்தால் போதும்; மேல் அடுக்கு மூழ்க வேண்டியதில்லை.

மைதாவைச் சிறிது நீர் விட்டுச் சப்பாத்தி மாவினும் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, பெருவிரல் கனத்தில் நீண்ட கயிறாகத் திரிக்க. பாத்திரத்தின் விளிம்பை ஈரமாக்கி, கயிற்றைச் சுற்றி ஒட்டி, மூடியை அதன்மேல் அழுத்துக. இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது நல்லது. மாவைத் திரிப்பதில் அவர்களுக்குள்ள மகிழ்ச்சி பெரியவர்களுக்கு இராது. எஞ்சிய மாவை ஈரத்துணியில் சுற்றி வைக்க. வேகும்போது விரிசல் கண்டால் ஒட்டுவதற்கு உதவும்.

மின்சார அடுப்பு உள்ளவர்கள் 170 முதல் 180 பாகை வெப்பத்தில் மூன்று மணி நேரம் வைக்க. மண்சட்டியாயின் குளிர்ந்த அடுப்பில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும்; திடீர்ச் சூடு பட்டால் வெடித்துவிடும். வெந்த சட்டியை ஈரத்தரையில் இறக்குவதும் அவ்வாறே தீங்கு. மரப்பலகை மீதோ மடித்த சாக்கின் மீதோ வைக்க. புதுச் சட்டியை முன்னதாகவே அரிசி கழுவிய நீரில் ஊறவைத்துப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதை நம் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பளபளப்பு மெழுகிட்ட பாண்டமாயின், அது சமையலுக்கென்றே செய்யப்பட்டதா என்று விசாரித்தே வாங்குக. அலங்காரப் பாண்டங்கள் சிலவற்றின் மெழுகில் ஈயம் இருக்கக்கூடும்; புளிப்பான சாறு அதனைக் கரைத்துவிடும்.

மின்சார அடுப்பு இல்லாத இல்லங்களில்

சுடும் அடுப்பு வீட்டில் இல்லையே என்று பலர் தயங்கக்கூடும். அல்சாஸ் பெண்களின் வீட்டிலும் அது இல்லை. ஆகவேதான் இவ்வுணவே பிறந்தது. நமக்கு இரு வழிகள் உள்ளன.

முதலாவது, தம் போடும் வழி. அடிகனத்த பாத்திரத்தில் கறியின் எலும்புத் துண்டுகளை அடியில் இட்டு, மேலே கூறியபடி அடுக்கி முத்திரையிடுக. அடுப்பின் மேல் கனத்த தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் பாத்திரத்தை ஏற்றுக. முதல் கால் மணி நேரம் நடுத்தர அனல். பின்னர் மிகக் குறைந்த அனலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மூடியின்மேல் தணல் இட்டு, அது ஆற ஆற மாற்றினால் மேல் அடுக்குக் கிழங்கும் நன்கு வேகும். விறகடுப்பு உள்ளவர்கள் தீயை முற்றும் இழுத்துவிட்டுத் தணலிலேயே விடலாம். கரி அடுப்பும் தணலும் மூடிய அறைக்குள் இருத்தல் ஆகாது. காற்றோட்டமுள்ள இடமே பாதுகாப்பு.

இரண்டாவது, ஊரில் விறகுச் சூளை வைத்திருக்கும் பேக்கரிக்காரரை அணுகுவது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு இடம் தந்தவர், ரொட்டி சுட்டு முடித்த சூளையில் ஒரு சட்டிக்கும் இடம் தரக்கூடும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

குக்கரில் செய்தால் விரைவில் முடியாதா என்று வினவுவோர் உண்டு. கறி அரை மணியில் வெந்துவிடும், கிழங்கோ குழைந்துவிடும். அதுவன்றி, விசில் எண்ணுவதற்கு ஒருவர் சமையலறையிலேயே நிற்க வேண்டும். நிற்பவர் யார் என்பதை நாம் முன்பே அறிவோம்.

முத்திரையை உடைக்கும் நேரம்

சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, பத்து நிமிடம் அப்படியே விடுக. பின்னர் மூடியோடு மேசைக்கோ பாய்க்கோ கொண்டுவருக. எல்லாரும் அமர்ந்த பின்னரே திறக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகக் கொள்ளுதல் நலம். எல்லாரும் என்றால் தாயும் உட்படத்தான். ஒருவர் நின்றுகொண்டிருக்கும்வரை முத்திரை உடைபடலாகாது.

காய்ந்து பழுப்பேறிய மாவு வளையத்தைக் கத்தியின் முதுகால் தட்டி உடைக்கும் பொறுப்பைத் தந்தை ஏற்கலாம். மூடியைத் தம் பக்கமாகச் சாய்த்துத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். எதிர்ப்புறம் சாய்த்துத் திறக்க வேண்டும். முதலில் எழும் அந்த ஆவியின் மணத்துக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று தோன்றும். அடியிலிருந்து கரண்டியைச் செலுத்தி, எல்லா அடுக்கும் வருமாறு எடுத்து வைக்க. துணைக்கு ரொட்டியும், வெள்ளரி, தக்காளி, வெங்காயம் அரிந்து எலுமிச்சை பிழிந்த பச்சைக்காய்க் கலவையும் போதும். சோறு இன்றி உண்ட நிறைவு வாராது என்போர் ஒரு கைப்பிடி சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றிக்கொள்ளலாம்; அல்சாஸ்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

காரம் பழகிய நாவுக்கு இவ்வுணவு முதலில் சாதுவாகத் தோன்றக்கூடும். மிளகை இன்னும் சற்று இடித்துச் சேர்க்கலாம், ஊறுகாயும் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் மசாலாத்தூள் சேர்க்க வேண்டா. சேர்த்தால் நல்ல குருமா ஒன்று கிடைக்கும், பெக்கெயோஃபா கிடைக்காது. வீட்டு முதியோருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மென்மையாக வெந்த இந்தக் கறி மிகவும் ஏற்றது. பல்லிழந்த பாட்டனார் பிறர் துணையின்றித் தாமே உண்பதைக் காணும் மகிழ்ச்சியும் நமக்குக் கிடைக்கும்.

மிஞ்சினால் கவலையில்லை. குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் நன்றாகச் சூடாக்கினால் சுவை கூடியே இருக்கும். உண்டு முடிந்தபின் கழுவ வேண்டியது ஒரு சட்டி, ஒரு கரண்டி, தட்டுகள், அவ்வளவே. எட்டுப் பாத்திரங்கள் குவியும் இடத்தில் ஒன்று மட்டும் இருந்தால், பிள்ளைகளே அதனைக் கழுவிக் கவிழ்த்துவிட முடியும். சட்டியின் ஓரத்தில் ஒட்டிய மாவு எளிதில் வருவதற்கு அரை மணி நேரம் நீரில் ஊறட்டும்.

நம் தோசையையும் ரசத்தையும் மீன் வறுவலையும் விட்டுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவை நம் மண்ணின் சுவை, நாள்தோறும் வேண்டும். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, சமையலை அடுப்பிடம் ஒப்படைக்கலாம். அந்த மூன்று மணி நேரத்தில் தாய் பிள்ளைகளோடு பேசலாம். வந்த உறவினரோடு அமர்ந்திருக்கலாம். சற்றே கண்ணயரவும் செய்யலாம். பந்தியில் அவருக்கென்று ஒரு தட்டு, எல்லார் தட்டோடும் ஒரே நேரத்தில் வைக்கப்படட்டும். அதில் சூடான கறியும், மேல் அடுக்கின் பொன்னிறக் கிழங்கும் முதலில் விழட்டும். அவர் சமைத்ததை அவரே சூட்டோடு உண்டு பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அன்று கேட்டுப் பாருங்கள்.